நீல நூற்கண்டு

அவனுடைய இடது கண் குணமாகவில்லை. குணமாகிவிட்டதாகச் சபையில் எழுந்து சாட்சி சொன்னது அவன் மனைவி. அந்தச் சாட்சி பொய் என்று தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவனோ பேருந்து ஓட்டுகிறவன்.

சபை என்றால் கோபுரமும் மணியும் கிடையாது. டயர் கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த மாடி. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கீபோர்டு, சுற்றினால் கிறீச்சிடும் மின்விசிறிகள். வெயில் ஏற ஏற ரப்பர் வாசனையும் ஏறும். ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் அங்கே சாட்சி நேரம். அந்த வாரம் கர்த்தர் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். சொல்லி முடித்ததும் சபை மொத்தமும் ஒரே குரலில் "ஸ்தோத்திரம்" என்னும். தலைவலி விட்டாலும் ஸ்தோத்திரம். வீட்டுக்காரர் இந்த வருடம் காலி பண்ணச் சொல்லாமல் விட்டாலும் ஸ்தோத்திரம். சொல்கிறவர் மூச்சு விட நிறுத்தினால் அதற்கும் ஒன்று விழும். அவ்வளவு பழக்கம்.

கண்ணில் கோளாறு என்று கண்டுபிடித்தது மருத்துவர். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போகிறதாம். "போன பார்வை போனதுதான். மிச்சத்தைக் காப்பாத்தணும்னா தினமும் சொட்டு மருந்து விடணும். ஒரு நாள்கூடத் தவறக்கூடாது" என்றார். என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் தச்சு வேலை என்று சொல்லியிருப்பான்.

அவன் மனைவி ஆயத்த ஆடை ஆலையில் தைப்பவள். சட்டைக் கழுத்துப் பட்டிகளை வீட்டுக்கும் கொண்டுவந்து தைப்பாள். விஷயத்தைக் கேட்டதும் அண்ணனிடம் ஓடினாள். அவள் அண்ணன் சபையில் மூப்பர். மூப்பரென்றால் போதகருக்கு அடுத்தபடி. நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிற உரிமை உள்ளவர். அவர் ஒரு சின்னக் குப்பியோடு வந்தார். மாப்பிள்ளையின் நெற்றியிலும் இமையிலும் எண்ணெய் தடவி, கூரை அதிரும்படி ஜெபித்தார். பக்கத்து வீட்டில் தொலைக்காட்சியை அணைத்தே விட்டார்கள். அவனுக்கோ சத்தமாக ஜெபிப்பது என்றாலே கூச்சம். இளவயதில் போதகராகும் ஆசையில் வேதாகமப் பள்ளியில் சேர்ந்து, நாலுபேர் முன்னால் வாய் திறந்து ஜெபிக்க வராமல் பாதியில் ஓடிவந்தவன். டிப்போவில் அவனுக்கு 'அரைப் பாதிரி' என்றே பெயர்.

மறுநாள் காலை அவன் சாய்ந்து உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். மனைவி வந்து, அவனுடைய வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள். இடது கண்ணுக்கு நேரே எதையோ நீட்டினாள்.

"இது என்ன கலர், சொல்லுங்க."

அவனுக்குத் தெரிந்தது புகை. புகைக்குள் ஒரு கை மாதிரி ஒன்று. அதன் நுனியில் ஏதோ உருண்டை. நூற்கண்டாகத்தான் இருக்கும். இரவெல்லாம் அவள் தூங்கவில்லை என்பது மட்டும் அவனுக்குத் தெரியும்.

"நீலம்" என்றான்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். கண்டு நீலம்தான்.

அந்த ஞாயிறு அவள் எழுந்து நின்றாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்தச் சபையில் ஒரு முறைகூட எழுந்து நிற்காதவள். கூட்டத்தில் யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே முந்தானையைத் தேடுகிறவள். முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "என் வீட்டுக்காரர் கண்ண கர்த்தர் தொட்டுட்டார்" என்றாள். சபை ஸ்தோத்திரம் சொன்னது. மூப்பர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். அவன் வலது கண்ணால் தன் செருப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

அதன் பிறகு அவள் வேறு ஆளாகிவிட்டாள். பெண்கள் அவளைத் தேடி வந்தார்கள், "எனக்காகவும் ஜெபிங்க சிஸ்டர்" என்று. அவள் நடையிலேயே ஒரு நிமிர்வு வந்தது. முதல் வேலையாகச் சொட்டு மருந்துக் குப்பியைக் குப்பையில் போட்டாள். "இனிமே இது எதுக்குங்க. அவர் கொடுத்ததுக்கு மேல நாம கை வைக்கறதா?" என்றாள். அவன் புதிதாக ஒன்று வாங்கி டிப்போவில் தன் அலமாரியில், சோப்புக்கும் மாற்றுச் சட்டைக்கும் நடுவே ஒளித்து வைத்தான். வேலை நாளில் மருந்து உண்டு. விடுமுறை நாளில் இல்லை. பொய்யைக் காப்பாற்றக் கண் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிக்கொண்டிருந்தது.

வண்டியை விட்டுவிட வழியில்லை. கண் சரியில்லை என்று டிப்போவில் சொன்னால் அன்று மாலைக்குள் சபைக்குத் தெரிந்துவிடும். டிப்போ கண்ட்ரோலரின் மனைவி கீபோர்டுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். ஆகவே வண்டியோட்டினான்.

ஓட்டுவதற்கும் ஒரு ஏற்பாடு பிறந்தது. அதைப் பேசி வைத்துக்கொள்ளவில்லை. நடத்துநர் பிழைக்கத் தெரிந்த வாயாடி, எந்தச் சாமியையும் கும்பிடாதவன். ஓட்டுநர் தலையை முழுதாகத் திருப்பி இடது கண்ணாடியைப் பார்ப்பதை ஒரு வாரம் கவனித்தான். பிறகு நிறுத்தங்கள் வரும்போது தானாகவே முன் படிக்கு வந்து நின்றான்.

"இடது பக்கம் காலி. போலாம்ணே."

"நான் கேட்டனா?"

"கேக்கல. எனக்கு வாய் சும்மா இருக்காது, தெரியும்ல."

கூட்டம் நெரிகிற நேரத்தில் முன்னால் வர முடியாது. அப்போது பின்னாலிருந்தே கத்துவான். பயணிகளுக்கு அது நடத்துநர்களின் வழக்கமான கத்தல் போலத்தான் கேட்டது.

அவனுக்கு ஒரு ஜெபம் இருந்தது. அரைப் பாதிரியின் முழு ஜெபமே அவ்வளவுதான். காலையில் இருக்கையில் ஏறி, ஸ்டியரிங்கில் கை வைத்து, உதடு அசையாமல் சொல்வான்: இன்னைக்கு யாரையும் இடிக்காம கொண்டுபோய்ச் சேர்த்திடும் ஆண்டவரே. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் சொல்லி வந்தது. சாட்சிக்குப் பிறகு அது வாயில் வரவில்லை. ஒரு பக்கம் தெரியாது என்று தெரிந்தே வண்டியெடுக்கிறவன் இதை எந்த முகத்தோடு கேட்பது? தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டே கூரை பற்றக்கூடாது என்று வேண்டுவது போல. ஆகவே கையை மட்டும் வைத்துவிட்டு எடுத்துவிடுவான்.

சபையில் பாட்டு நடத்துகிற டீச்சர் அவன் வழித்தடத்தில்தான் வருவார். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் சாட்சி உண்டு. முட்டிவலி தீர்ந்ததென்று சில மாதம் முன்பு எழுந்து சொல்லியிருந்தார். மாடிப்படியை அவர் விறுவிறுவென்று ஏறுவதைக் காட்டி மூப்பர் மற்றவர்களுக்கு விசுவாசம் ஊட்டுவார். பேருந்துப் படியிலும் அப்படித்தான் ஏறுவார். ஏறி உட்கார்ந்ததும் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொள்வார்.

"எப்படி இருக்கு தம்பி கண்ணு?"

"அவர் கிருபைல இருக்கு டீச்சர்."

"ஆமா ஆமா. அவர் கிருபைதான்" என்பார். அதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டார்.

அது நடந்தது ஒரு வியாழக்கிழமை, கடைத்தெரு நிறுத்தத்தில். வண்டியில் நிற்க இடமில்லை. நடத்துநர் பின்னால் யாரிடமோ சில்லறைக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மணி அடித்ததும் ஸ்டியரிங்கில் இருந்த அவன் தலையைத் திருப்பிப் பார்த்தான், காலி என்று நினைத்தான், வண்டியை எடுத்தான். யாரோ தகரத்தில் ஓங்கித் தட்டினார்கள். "நிறுத்து" என்று ஒரு குரல். அவன் பிரேக்கில் ஏறி நின்றான். நின்றவர்கள் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து, ஒரே சமயத்தில் திட்டினார்கள்.

இறங்கிச் சுற்றி வந்து பார்த்தான். நடைபாதை விளிம்பில் ஒரு வயதானவர் காய்கறிப் பையோடு நின்றுகொண்டிருந்தார். பக்கக் கண்ணாடி அவர் தொப்பியைத் தட்டிவிட்டிருந்தது. தொப்பி முன்சக்கரத்துக்கு அடியில் பாதி நசுங்கிக் கிடந்தது. கிழவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. தலையைத் தடவிக்கொண்டு, "நான்தான் கொஞ்சம் முன்னால வந்துட்டேன் போலிருக்கு" என்றார். அது பொய். அவர் சரியான இடத்தில்தான் நின்றிருந்தார்.

நடத்துநர் தொப்பியை உருவி, தட்டி, அவர் கையில் கொடுத்தான். பிறகு ஓட்டுநரிடம் வந்தான். இந்த முறை குரலில் கிண்டல் இல்லை.

"அண்ணே. இன்னைக்குத் தொப்பி."

அவன் தலையாட்டினான்.

"நான் எத்தன நாளைக்கு உங்களுக்குக் கண்ணாடியா இருக்கறது? எனக்கும் குடும்பம் இருக்கு. ஜெயிலுக்குப் போனா ரெண்டு பேருமாத்தான் போவோம்."

"வேற டிரைவரக் கூப்பிடு" என்றான் அவன். "நான் இனிமே எடுக்கல."

"நெசமாவா?"

"கூப்பிடுப்பா."

வேறு ஓட்டுநர் வரும்வரை பயணிகள் இறங்கி நின்று அவனைப் பார்த்தார்கள். அவன் நிறுத்தத்து இரும்புக் கம்பியில் சாய்ந்து நின்றான். நெஞ்சில் ஒரு கல் நகர்ந்தது போல இருந்தது. அதற்காக அவன் தன்னை மெச்சிக்கொள்ளவில்லை. கிழவர் ஒரு அடி முன்னால் நின்றிருந்தால் இந்த யோக்கியம் ஒரு காசுக்குப் பெறாது என்று அவனுக்குத் தெரியும்.

டிப்போவில் கண்ட்ரோலர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "கண்ணா? உனக்குத்தான் சரியாயிடுச்சாமே. என் வீட்டுல ஒரு மாசமா உன் கதைதானப்பா ஓடுது. நான் ஜெபக் கூட்டத்துக்கு வர்றதில்லன்னு உன்னக் காட்டித்தான் திட்டு விழுது."

"சரியாகல சார்."

அவர் கண்ணாடியை மறுபடி மூக்குக்கு இறக்கி, டூட்டிப் பட்டியலைப் புரட்டினார். "சரி. மெடிக்கல் முடியற வரைக்கும் உள்வேலைல போடறேன். நைட் ஷிப்ட்தான் காலியிருக்கு. வந்து நிக்கற வண்டிங்களக் கழுவறவங்களப் பாத்துக்க. அப்புறம்..." என்று குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டுல நான் சொல்லல. சபையில நீங்க ரெண்டு பேருமே சொல்லிக்கங்க."

அவன் அலமாரியிலிருந்து சொட்டு மருந்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பொழுது சாயுமுன் வீடு போய்ச் சேர்ந்தான். மனைவி தையல் இயந்திரத்தில் இருந்தாள். நேரத்தோடு வந்தவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் குப்பியை எடுத்து, அவள் தைத்து முடித்த பட்டிகளின் மேல் வைத்தான்.

இயந்திரம் நின்றது.

"எப்பலேருந்து?" என்றாள்.

"எப்பவுமே. சரியாகவே இல்ல."

அவள் குப்பியைக் கையில் எடுக்கவில்லை. "அப்போ நூலு? நீலம்னு சொன்னீங்களே?"

"அந்த வாரம் முழுக்க நீலந்தானே தச்சிட்டிருந்த."

வெளியே யாரோ சைக்கிள் மணியடித்துப் போனார்கள். பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். "ராத்திரியெல்லாம் ஆண்டவர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். காலையில இவர் கலரச் சரியாச் சொல்லிட்டா நான் சாகற வரைக்கும் சந்தேகப்பட மாட்டேன்னு வேண்டிக்கிட்டேன். நீங்க சொன்னீங்க. அவர்தான் சொல்றார்னு நெனச்சேன்."

அவளைத் தூங்க வைக்க ஒரு வார்த்தை சொன்னோம் என்றுதான் இத்தனை நாளும் அவன் நினைத்திருந்தான். அவள் கேட்ட இடத்தில் குறுக்கே போய் நின்று தானே பதில் சொல்லியிருக்கிறான். வேதாகமப் பள்ளியில் இதற்கு ஏதாவது பெயர் இருந்திருக்கும். அதைப் படிக்குமுன் ஓடிவந்துவிட்டான்.

"இன்னைக்கு ஒரு பெரியவரத் தட்டியிருப்பேன்" என்றான். "தொப்பியோட போச்சு. வண்டி இனி வேண்டாம்னு சொல்லிட்டேன்."

அவள் எழுந்து வந்து அவன் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருந்தது. பயமும் இருந்தது. "கதவு நிலைல இடது தோள இடிச்சிட்டே இருந்தீங்க. வழியில கெடந்த ஸ்டூல நான் நகத்தி வெச்சேன். எதுக்கு நகத்தறேன்னு என்னையே நான் கேட்டுக்கல" என்றாள். பிறகு, "அன்னைக்கு நான் பச்சக் கண்ட எடுத்திருந்தா?"

"அப்பவும் நீலம்னுதான் சொல்லியிருப்பேன். நீ குப்பியத் தூக்கிப் போட்டிருக்க மாட்ட."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்காக அவளுக்கே எரிச்சல். "தலையச் சாயுங்க" என்றாள். அவன் நாற்காலியில் தலையைச் சாய்த்தான். மூப்பர் எண்ணெய் தடவிய அதே இமையை அவள் விரலால் விரித்து ஒரு சொட்டு விட்டாள். எரிந்தது.

சனிக்கிழமை மூப்பர் வந்தார். செய்தி கண்ட்ரோலர் வாயிலிருந்தே போயிருந்தது. மனிதரால் ஒரு நாள்கூடத் தாங்க முடியவில்லை.

"மாப்ள, இத நாளைக்குச் சபையில சொல்லியே ஆகணுமா? விசுவாசத்துல நிக்கற நேரம் இது. கண்ணால பாக்காதீங்க, விசுவாசத்தால பாருங்க."

"பஸ்ஸுக்கு ரெண்டும் வேணும் மச்சான்."

"கிண்டல் வேண்டாம். புதுசா வந்த குடும்பங்க இருக்கு. எண்ணெய் பூசினவன் நான். நாளைக்கு எவன் என்கிட்ட வந்து நெத்தியக் காட்டுவான்?"

இப்போதுதான் அவர் குரல் உடைந்தது. அவர் கெட்டவர் இல்லை. நோயாளி வீடுகளுக்கு மழையிலும் நடந்து போகிறவர். மூன்று பேர் படுக்கிற அறையில் நான்காவதாக உட்கார்ந்து விடியவிடிய ஜெபித்திருக்கிறார். அவன் அதை மறக்கவில்லை.

"நான் வந்து காட்டறேன் மச்சான்" என்றான். "வலது கண்ணு ஒண்ணு பாக்கியிருக்கே."

மூப்பர் தங்கையைப் பார்த்தார். "நீயாவது சொல்லும்மா."

"நான் சொன்ன சாட்சிண்ணா" என்றாள் அவள். "நான்தான் திருப்பி எடுக்கணும். இவர் பேச வேண்டாம். இவருக்கு நாலு பேர் முன்னால வாய் வராது."

ஞாயிறு பாட்டு முடிந்தது. டீச்சர் பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்தார். போதகர், "யாருக்காவது சாட்சி உண்டா?" என்றார். அவள் எழுந்தாள். முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் வெளுத்திருப்பதை அவன் பார்த்தான். எழுந்து பக்கத்தில் நின்றான். அது அவனால் முடிந்தது.

"என் வீட்டுக்காரர் கண்ணு குணமாயிடுச்சுன்னு சொன்னேன்" என்றாள். "குணமாகல. நான் சொன்னது தப்பு. வேணும்னு சொல்லல. மருந்து விட்டுட்டிருக்கோம். இனிமே அவர் பஸ் ஓட்ட மாட்டார்."

மூச்சு விட நிறுத்தினாள்.

"ஸ்தோத்திரம்" என்றது சபை.

சொன்ன பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று எல்லாருக்கும் உறைத்தது. மேலே விசிறி கிறீச்சிட்டது. கீழே டயர் கடையில் யாரோ இரும்பைப் போட்டார்கள். போதகர் வாயைத் திறந்தார், மூடினார். பின்வரிசையில் ஒருவர் இருமலுக்குள் சிரிப்பை மறைத்தார். அவன் மனைவி தலைகுனிந்து, தோள் குலுங்க நின்றாள். அழுகிறாள் என்று நினைத்துக் குனிந்து பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீரும் இருந்தது.

போதகர் தொண்டையைச் செருமினார். "சரி" என்றார். "சொன்னது சொன்னதா இருக்கட்டும். இதுக்கும் ஸ்தோத்திரந்தான்." நல்ல பேச்சாளரான அவரிடமிருந்து அன்று வந்தது அவ்வளவுதான்.

ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்தது. யாரும் அவளிடம் வந்து ஜெபிக்கச் சொல்லவில்லை. இரண்டு பெண்கள் அவளைப் பார்த்தும் பாராமல் போனார்கள். மூப்பர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றின் மேல் ஒன்றாக, தேவைக்கு மேல் சத்தமாக. அவர்கள் படிக்கட்டுக்கு வந்தபோது டீச்சர் அங்கே கைப்பிடியைப் பற்றி நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் இறங்கட்டும் என்று காத்திருப்பவர் போல.

அவளிடம் என்ன சொல்லப்போகிறாரோ என்று அவன் பயந்தான். டீச்சர் சுற்றிலும் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், "எனக்கும் போகலம்மா" என்றார்.

"என்ன டீச்சர்?"

"முட்டி. சாட்சி சொன்ன அன்னைக்கு வலி கொஞ்சம் கொறஞ்சிருந்துச்சு. மறுநாளே வந்துடுச்சு. சொன்னதத் திருப்பி எடுக்க வெக்கம். நொண்டாம நடக்கறேன் பாரு, அதுக்கு உயிரே போகுது."

மனைவி தன் தோளைக் கொடுத்தாள். டீச்சர் அதைப் பற்றிக்கொண்டு முதல் படியில் காலை வைத்தார். இந்த முறை நொண்டினார். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அம்மாடி" என்று வாய்விட்டுச் சொல்லி, ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று நொண்டினார். இவர்களுக்குப் பின்னால் அவன் இடது கையால் சுவரைத் தடவியபடி, கடைசிப் படி எங்கே என்று காலால் தேடிக்கொண்டு இறங்கினான்.

மேலே மூப்பர் ஒரு நாற்காலியைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டின் உச்சியில் வந்து நின்றார். கீழே போய்க்கொண்டிருந்த மூன்று பேரையும் பார்த்தார். நாற்காலியைச் சுவரோரம் வைத்துவிட்டு, "டீச்சர், இருங்க, அந்தப் பக்கம் நான் பிடிச்சுக்கறேன்" என்று இறங்கி வந்தார்.